அளந்து ஊற்ற உரிமையில்லாத பார்

டாஸ்மாக் பாரை டெண்டரில் எடுப்பவருக்கு அரசு கொடுக்கிற உரிமை இரண்டு. பாருக்குள் தின்பண்டம் விற்கலாம். காலி பாட்டில்களைச் சேர்த்து விற்றுக்கொள்ளலாம். மது விற்கிற உரிமை அவருக்குக் கிடையாது. அது சுவருக்கு அந்தப் பக்கம், கம்பிவலைக்குப் பின்னால் இருக்கிற சூப்பர்வைசரிடமும் சேல்ஸ்மேனிடமும் இருக்கிறது. குடிக்க வந்தவர் அங்கே காசு கொடுத்து பாட்டிலை வாங்கி, இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, மூடியைத் திருகி, தன் கையாலேயே ஊற்றிக் குடிக்கிறார்.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே அப்படி ஒரு பாரைச் சில வருஷம் நடத்தினேன். விட்டு நாளாகிவிட்டது. ஆனாலும் கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து ஆர்ச் கேட் டீக்கடை வரைக்கும் என்னைப் பார்த்தால் ஒரே கேள்விதான். "நீ சொல்லுப்பா, மதுவிலக்கு வரணுமா, வேணாமா?" வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் இப்போது நடக்கிற மாதிரியும் நடக்கக்கூடாது. இரண்டாவதாகச் சொன்னதைக் கேட்பதற்குள் சாம்பார் வந்துவிடுகிறது, பேச்சு மாறிவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் பாட்டிலின் அளவு. கவுண்டரில் பிராந்தியோ ரம்மோ கேட்டால் கிடைக்கிற மிகச் சிறிய பாட்டில் குவாட்டர், 180 மில்லி. நம் நாட்டில் தயாராகும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாவற்றிலும் வழக்கமாக இருக்கும் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு குவாட்டருக்குள் 77 மில்லி சுத்த ஆல்கஹால். எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில்கூட 52 மில்லிதான். சாதா ரக குவாட்டர் 2024 பிப்ரவரியில் விலை ஏறியபோது 140 ரூபாய் ஆனது. பீர் அதைவிட விலை அதிகம். குறைந்த காசுக்கு அதிகப் போதை எதில் கிடைக்கும் என்பதை, சுரங்கத்தில் எட்டு மணி நேரம் வெயிலிலும் புழுதியிலும் நின்றுவிட்டு வருகிறவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதே தமிழ்நாட்டில் ஸ்டார் ஹோட்டல் பாருக்குப் போனால் 30 மில்லி ஸ்மால் கேட்கலாம், 60 மில்லி லார்ஜ் கேட்கலாம். பரிமாறுகிறவர் அளவுக் குப்பியில் அளந்து ஊற்றுவார். மனமகிழ் மன்றங்களிலும் அப்படித்தான். ஒரே ஒரு லார்ஜைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டு எழுந்து போகிறவர் அங்கே உண்டு. எங்கள் பாரில் அப்படி ஒருவர் எழுந்து போக வழியே கிடையாது. திறந்த குவாட்டரை மிச்சத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோக எந்த வீட்டில் விடுவார்கள்? மேஜையில் விட்டுப் போகவும் மனசு வராது, 140 ரூபாய். ஆக, 60 மில்லி போதும் என்று நினைத்து வந்தவரும் 180 மில்லியைக் குடித்துவிட்டுத்தான் போவார். பணக்காரருக்கு 30 மில்லியில் தொடங்குகிற அளவு, கூலிக்காரருக்கு 180 மில்லியில் தொடங்குகிறது. என் பார் வாழ்க்கையில் என்னை மிகவும் உறுத்தியது இதுதான்.

மக்கள் இதற்குத் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கவுண்டர் ஓரத்தில் எழுபது ரூபாயோடு ஒருவர் நிற்பார். வருகிறவர்களைப் பார்த்து, "அண்ணே, கட்டிங் போடலாமா?" என்பார். முன்பின் தெரியாத இரண்டு பேர் ஆளுக்கு எழுபது போட்டு, ஒரு குவாட்டரைப் பாதியாகப் பிரித்து, இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குனிந்து மட்டம் பார்த்து ஊற்றிக்கொள்வார்கள். பேர்கூடக் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். குறைவாகக் குடிக்க விரும்புகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை. 2023-இல் அமைச்சர் முத்துசாமி 90 மில்லி பாக்கெட் பற்றிப் பேசியபோது நாலாபுறமும் எதிர்ப்பு. குடியை இன்னும் மலிவாக்கப் பார்க்கிறார்கள் என்றார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கட்டிங்குக்கு ஆள் தேடி நிற்கிறவர்களைத் தினமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த யோசனையைப் பேசிப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது பணம். டெண்டரில் பாருக்குக் குறைந்தபட்சத் தொகையை எதை வைத்து நிர்ணயிப்பார்கள்? ஒட்டியிருக்கிற கடையின் விற்பனையை வைத்து. கடையில் எவ்வளவு அதிகம் விற்கிறதோ, பார்காரர் கட்ட வேண்டியதும் அவ்வளவு அதிகம். அந்தத் தொகையை அவர் எதில் எடுக்க வேண்டும்? சுண்டல், அவித்த முட்டை, ஆம்லெட், தண்ணீர், டம்ளர், காலி பாட்டில். ஒரு தட்டுச் சுண்டலில் எவ்வளவுதான் நிற்கும்? கணக்கு நேராக வராத இடத்தில் கோணல் வழி வந்துவிடும். இரவு பத்து மணிக்கு ஷட்டர் இறங்கிய பிறகும், பகல் பன்னிரண்டுக்கு முன்னாலும் பிளாக்கில் பாட்டில் கைமாறுகிறது என்று ஊர் ஊராகப் பேசுகிறார்களே, அதன் வேர் இந்த டெண்டர் கணக்கில்தான் இருக்கிறது. அதைச் செய்கிறவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு வருஷா வருஷம் சோதனை நடத்துவதால் என்ன மாறும் என்றுதான் கேட்கிறேன்.

நெய்வேலியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் இது ஷிப்ட் ஊர். 1957-இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த நாளிலிருந்து இங்கே கடிகாரம் வேறு. இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலையில் வெளியே வருகிறவருக்கு அதுதான் சாயங்காலம். அவருக்குக் கடை பன்னிரண்டு மணிக்கு. ஒன்று, முந்தின நாளே பாட்டிலை வாங்கி வைத்திருக்க வேண்டும், அல்லது பிளாக்கில் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். 2016 மே மாதம் ஜெயலலிதா 500 கடைகளை மூடி, திறக்கும் நேரத்தைக் காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்கு மாற்றியதில் எனக்கு மறுப்பு இல்லை. காலையில் குடிப்பது நல்லதல்ல. ஆனால் ஒரே நேரக் கணக்கை மாநிலம் முழுவதற்கும் போட்டால் ஷிப்ட் ஊர்களில் என்ன நடக்கும் என்று யாராவது யோசித்திருக்கலாம்.

2017 பிப்ரவரியில் இன்னொரு 500 கடை, 2023 ஜூனில் இன்னொரு 500 கடை. ஆக மூன்று முறை ஐந்நூறு ஐந்நூறாக மூடினார்கள். வருமானம் குறைந்ததா? சில்லறை விற்பனையை அரசு எடுத்த 2003–04-இல் சுமார் 3,600 கோடியாக இருந்தது, 2024–25-இல் 48,000 கோடியைத் தாண்டிவிட்டது. வரியும் விலையும் ஏறியதைக் கழித்தாலும், கடை எண்ணிக்கையைக் குறைப்பது குடியைக் குறைப்பதாகாது என்பது தெரிகிறது. மூடிய கடையின் கூட்டம் அடுத்த கடையில் வரிசையில் நிற்கிறது.

நெடுஞ்சாலைத் தீர்ப்பும் கிட்டத்தட்ட இப்படித்தான் ஆனது. வழக்கறிஞர் பாலு தொடுத்த வழக்கில் 2016 டிசம்பர் 15-ஆம் தேதி உச்சநீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது என்றது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சாகிறவர்களை நினைத்துச் சொன்ன தீர்ப்பு, நல்ல எண்ணம். ஆனால் எங்கள் பக்கத்தைப் பாருங்கள். ஆர்ச் கேட் வழியாகப் போகிற விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையும் தேசிய நெடுஞ்சாலை, வடலூரில் அதை வெட்டிக்கொண்டு விருத்தாசலம் போகிற கடலூர் சாலையும் தேசிய நெடுஞ்சாலை. இந்த இரண்டையும் விட்டு விலக வேண்டுமென்றால் கடை எங்கே போகும்? ஊருக்குள்ளே, குடியிருப்புக்குள்ளே. தமிழ்நாடு முழுக்க அதுதான் நடந்தது. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடைக்கு எதிராக நின்ற பெண்ணை ஒரு போலீஸ் அதிகாரி அறைந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அந்த அறையைப் பார்த்து அன்றைக்கு என் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அந்தப் பெண்கள் கேட்டது நியாயமான ஒன்று. எங்கள் வாசலில் வேண்டாம்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். யார் "போதும்" என்று சொல்வது?

சம்பளத் தேதியை ஒட்டிய நாட்களில் பார் வாசலுக்குப் பெண்கள் வருவார்கள். உள்ளே வரமாட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளிகளின் வீட்டுப் பெண்கள்தான் அதிகம். சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். ஒரு அம்மா இன்னும் கண்ணுக்குள் இருக்கிறார். இடுப்பில் குழந்தை. "அண்ணே, அவருக்கு ஒண்ணுக்கு மேல குடுக்காதீங்க. உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன்" என்றார். நான் என்ன சொல்ல முடியும்? கொடுப்பது நானில்லை. அவர் கணவர் வெளியே போய் இன்னொரு பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், மேஜையைத் துடைத்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. நானும் என் பையன்களும் பேசிப் பார்ப்போம். "மாமா, போதும் எழுந்திரிங்க, பஸ் போயிடும்" என்று சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஏற்றிவிட்டதெல்லாம் உண்டு. அது மனிதாபிமானம். அதிகாரம் இல்லை. அவர் "உனக்கென்னடா, என் காசு, கவர்மென்ட் கடைச் சரக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச எனக்கு எந்தச் சட்டமும் துணைக்கு இல்லை.

ஊற்றுகிறவன் கையில்தான் நிறுத்துகிற உரிமையும் இருக்க முடியும். உலகத்தில் பார் என்ற தொழில் நிற்பதே இந்த ஒரு விஷயத்தின் மேல்தான். இங்கிலாந்தில் போதையில் இருப்பவருக்கு மேலும் மது விற்றால், 2003-ஆம் வருஷத்து உரிமச் சட்டப்படி விற்றவர் மேல் குற்றம். ஆகவே அங்கே பப்காரர் தன் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்கிறார், நடையைப் பார்க்கிறார், பேச்சு குழறுகிறதா என்று கவனிக்கிறார். நம் ஊரில் காகிதத்தில் விதி எதுவாக இருந்தாலும், கை மட்டும் நுழைகிற ஓட்டைக்கு அந்தப் பக்கம் நிற்கிற சேல்ஸ்மேனுக்கு வாங்குகிறவரின் முகமே சரியாகத் தெரியாது. அவருக்கு எதிரே இருபது கைகள். 21 வயது ஆகிவிட்டதா என்று பார்க்கவே நேரம் இல்லை. அவரைக் குறைசொல்லி என்ன பயன்? தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறவர்கள் அவர்கள். முகம் தெரிகிற எனக்கு ஊற்றுகிற உரிமை இல்லை, கொடுக்கிற உரிமை இருக்கிற அவருக்கு முகம் தெரியவில்லை. இரண்டையும் பிரித்துவைத்த அந்தச் சுவரைத்தான் நான் முதலில் இடிக்கச் சொல்வேன்.

தனியார் காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2003 நவம்பர் 29-க்கு முன்னால் தனியார் ஒயின்ஸ் கடைகள் எப்படி இருந்தன என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். முதலில் ஏலம், கூட்டுச் சேர்ந்து ஏலத்தை அமுக்கினார்கள். பிறகு குலுக்கல், அதிலும் உள்வேலை. அரசு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுக்க, 1971-இல் திறப்பு, 1974-இல் மறுபடி மூடல், 1981-இல் மறுபடி திறப்பு என்று ஆடிக்கொண்டே வந்த வரலாற்றில், கலப்படமில்லாத சரக்கை, முத்திரை விலையில், பொறுப்பான ஒரு கை விற்கும் என்று நம்பித்தான் ஜனங்கள் டாஸ்மாக்கை ஏற்றுக்கொண்டார்கள். கவுண்டரில் முத்திரை விலைக்கு மேல் பத்து ரூபாய் கேட்பது வழக்கமானபோதே அந்த நம்பிக்கையில் பாதி போயிற்று.

பூரண மதுவிலக்கு கேட்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2015 ஜூலை 31-ஆம் தேதி மார்த்தாண்டம் பக்கம் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரைவிட்ட சசிபெருமாள் அய்யாவை நான் கும்பிடுகிறேன். ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை என்றால், காரணம் பண்ருட்டி. 2001 கடைசியில் எங்களுக்குப் பக்கத்துப் பண்ருட்டியில் கள்ளச்சாராயம் குடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம், அறுபத்தைந்துக்கும் மேல். எல்லாம் மெத்தனால். எல்லாம் எங்களிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரப் பயணத்துக்குள்.

இதில் இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மூன்று சமயத்திலும் சட்டப்படியான கடைகள் திறந்துதான் இருந்தன. கடை திறந்திருந்தும் ஏன் பாக்கெட் சாராயம் வாங்கினார்கள்? கருணாபுரத்தில் ஒரு பாக்கெட் ஐம்பது, அறுபது ரூபாய். விடியற்காலையிலேயே வீட்டு வாசலில் கிடைக்கும். மூட்டை தூக்குகிறவருக்கும் பெயின்ட் அடிக்கிறவருக்கும் 140 ரூபாய் குவாட்டர் தினமும் கட்டுப்படியாகாது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை, பத்து லட்சம் அபராதம் என்று கடுமையாக்கினார்கள். விற்றவனுக்குத் தண்டனை சரி. வாங்கியவருக்கு வேறு என்ன வைத்திருக்கிறோம்?

நான் சொல்வது கள். 1987-லிருந்து தமிழ்நாட்டில் தடை. பக்கத்துப் பாண்டிச்சேரியில் சட்டப்படி விற்கிறது, கேரளாவில் விற்கிறது. கள்ளில் ஆல்கஹால் பீர் அளவுக்குத்தான். அதில் கலப்படம் செய்தார்கள் என்பது உண்மை, அதைக் காரணம் காட்டித்தான் மூடினார்கள். அப்படியென்றால் கலப்படத்தைத் தடுப்பதற்கு வழி பார்க்க வேண்டும். கள் இயக்கத்து நல்லசாமி அய்யா இத்தனை வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கம் முந்திரித் தோப்புக்கு நடுவே நிற்கிற பனை யாருக்கும் பிரயோசனமில்லாமல் நிற்கிறது. மெலிந்த பானம் மலிவாகவும், காட்டமான பானம் விலையாகவும் இருக்க வேண்டும். பாட்டிலுக்கு வரி போடுவதை விட்டு, உள்ளே இருக்கிற ஆல்கஹாலின் மில்லிக்கு வரி போட்டால் இது தானாக நடக்கும்.

கொஞ்ச நாள் முன்பு இங்கிலாந்தின் கார்லைல் நகரம் பற்றிப் படித்தேன். படித்ததிலிருந்து அந்த ஊர் மனசைவிட்டுப் போகவில்லை, ஏனென்றால் அது நம் நெய்வேலி மாதிரி அரசுத் தொழிற்சாலையால் நிரம்பிய ஊர். முதல் உலகப் போரின்போது பக்கத்தில் கிரெட்னாவில் பெரிய வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. ஆயிரக்கணக்கில் ஆட்கள், கையில் கூலி, சாயங்காலமானால் தெருவெல்லாம் குடி. 1916-இல் அரசாங்கம் அந்த வட்டாரத்தின் மது ஆலைகளையும் பப்புகளையும் விலைகொடுத்து வாங்கிவிட்டது. பல பப்புகளை மூடியது. மிச்சத்தில் சம்பளத்துக்கு மேலாளர்களை வைத்தது. அந்த மேலாளருக்கு மது எவ்வளவு விற்றாலும் ஒரு காசு கமிஷன் கிடையாது. சாப்பாடு விற்றால், குளிர்பானம் விற்றால் கமிஷன் உண்டு. உட்கார்ந்து சாப்பிட நல்ல மேஜை, காற்றோட்டமான அறை, பெண்களும் வரக்கூடிய இடம் என்று பப்புகளைப் புதிதாகக் கட்டியது. 1970-களின் தொடக்கத்தில் தனியாருக்கு விற்கும்வரை ஐம்பது வருஷத்துக்கு மேல் இது நடந்தது.

அங்கேயும் அரசு விற்றது, இங்கேயும் அரசு விற்கிறது. அங்கே குறைவாக விற்க வேண்டும் என்பதற்காக எடுத்தார்கள், அதற்கேற்ப ஆளுக்குக் கூலி வகுத்தார்கள். இங்கே பார்காரரின் வாடகையே விற்பனையோடு ஏறுகிறது.

சாப்பாடு விஷயத்தில் கார்லைல்காரர்கள் எவ்வளவு சரி என்று என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றில், நின்றபடியே, தண்ணீர்கூடச் சரியாகக் கலக்காமல், பத்து நிமிஷத்தில் குவாட்டரை முடிக்கிறவர்தான் நம் ஊரில் அதிகம். உட்கார இடமும் சூடாக ஒரு முட்டை தோசையும் கிடைத்தால் அதே மனிதர் நிதானமாகிறார், பேசுகிறார், வீட்டு ஞாபகம் வருகிறது. பாரை அசிங்கமாக வைத்திருந்தால் குடி குறையும் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். அசிங்கமான இடத்தில் மனிதர் சீக்கிரம் குடித்துவிட்டு ஓடுகிறார். பாரே இல்லையென்றால் முந்திரித் தோப்புக்கும் வயல் வரப்புக்கும் போகிறார். மறுநாள் களை எடுக்க வருகிற பெண்ணின் காலில் பாட்டில் சில்லு. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் பணம் தருகிற திட்டத்தை நீலகிரியில் 2022-இல் உயர்நீதிமன்றம் சொல்லித் தொடங்கினார்கள், மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. இத்தனை காலத்தில் மதுவை ஒட்டி நடந்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று.

2022 தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி, டாஸ்மாக் கடைகளை ஒட்டிய பார்களை ஆறு மாதத்தில் மூடச் சொன்னார். அது நடைமுறைக்கு வரவில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்த பார்காரர்கள் எல்லாம் பதறினார்கள். நான் வேறு மாதிரி யோசித்தேன். மூடுவதற்குப் பதிலாக, முழுசாக ஒரு பாரை நடத்திப் பார்க்கச் சொல்லியிருக்கலாமே.

எனவே நான் கேட்பது பெரிய கொள்கை மாற்றம்கூட இல்லை. ஒரே ஒரு கடை. கம்பிவலையை எடுத்துவிட்டு, கடையும் பாரும் ஒரே கூரைக்குள் ஒரே ஆளின் பொறுப்பில். 30, 60 மில்லி அளந்து ஊற்றலாம். வாடகை நிலையானது, விற்பனையோடு ஏறாது. ஊழியருக்கு நிரந்தரச் சம்பளம், சாப்பாட்டு விற்பனையில் பங்கு. போதை ஏறியவருக்கு இல்லை என்று சொல்ல எழுத்துப்பூர்வமான அதிகாரம், சொன்னதற்காகத் தகராறு வந்தால் போலீஸ் துணை. ஷிப்ட் கணக்குக்குத் தோதான நேரம். வாசலில் நிற்கிற அம்மா சொன்னால் கேட்டுக்கொள்கிற ஒரு ஆள். இதை ஒரு வருஷம் நடத்தி, அந்த வட்டாரத்தின் விபத்து, அடிதடி, ஆஸ்பத்திரிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பலன் இல்லையென்றால் மூடிவிடலாம். மந்தாரக்குப்பம் பக்கம் பள்ளிக்கூடம், கோயில், வீடுகள் எல்லாவற்றுக்கும் தள்ளி இடம் இருக்கிறது. பார்த்துக் கொடுக்க நான் தயார், அங்கே மேஜை துடைத்துக் கொடுக்கவும் தயார்.